அடைப்புக்குறிக்குள் வந்த ஒன்பது

அந்தக் காலத்தில் எண்களுக்கும் வாய் இருந்தது. கணினி நிரல்களின் நாட்டில் அவை எங்கே சென்றாலும், தாம் யாருக்காக வந்தோம் என்பதைத் தாமே சொல்லும். அடைப்பு ஏதுமின்றி வரும் எண்ணுக்கு ஸ்கேலார் என்று பெயர். அது எல்லா வயலுக்கும் பொது. இரண்டு அடைப்புக்குறிகளுக்கு நடுவே வருவது வரிசை. அதில் முதல் எண் முதல் வயலுக்கு மட்டும், அடுத்தது அடுத்த வயலுக்கு மட்டும்.

வருகின்ற எண்ணை வயலின் பரப்போடு பெருக்கி, மதகுக்குத் தண்ணீரின் அளவைச் சொல்லும் நிரலின் பெயர் பெருக்கி. தன் கைவேகத்தில் அவனுக்குப் பெருமை அதிகம். வாசலில் நிற்பவை எத்தனை என்று தலைகளை எண்ணுவான்; ஒன்று என்றால் ஸ்கேலார் என்று முடித்துவிடுவான்.

ஒரு நாள் நான்கு வயல்களுக்கான வரிசை புறப்பட்டது. வழியில் ஓடை பெருகியதால் பின்னே வந்த மூன்று எண்கள் அக்கரையில் நின்றுவிட்டன. ஒன்பது மட்டும், அடைப்புக்குறிகளைச் சுமந்தபடி, வந்து சேர்ந்தது.

"ஒத்தை ஆள்தானே? சட்டுனு உள்ளே வா" என்றான் பெருக்கி.

"அண்ணே, நான் வரிசையில வந்தவன். மேட்டு வயலுக்கு மட்டும்தான். மத்தவங்க பின்னால வர்றாங்க."

"ஒத்தை ஆளுக்கு ஒரு வரிசையாம்! அடுத்து பல்லக்கும் கேப்பே போல!"

சிரித்துக்கொண்டே இரு அடைப்புக்குறிகளையும் பிடுங்கி எறிந்தான். நான்கு வயல்களையும் அந்த ஒன்பதால் பெருக்கினான். மதகு திறந்தது.

மாலையில் மற்ற மூன்றும் நனைந்து வந்து சேர்ந்தன. கடைசியில் நின்றது 'ஒன்று' என்ற எண். அது அரியநாச்சி என்ற உழவுப் பெண்ணின் பள்ளத்து வயலுக்கு உரியது. அங்கே அவள் நாற்றங்கால் ஏற்கெனவே மூழ்கியிருந்தது.

சில நாள்களில் நாற்று அழுகியது. அரியநாச்சி ஏசவில்லை. அழுகிய நாற்றில் ஒரு பிடியை அவன் முன் வைத்தாள்.

"எத்தனை பேருன்னு எண்ணினியே, தம்பி. யாருன்னு கேட்டியா?"

"அது சொல்லிச்சு அக்கா. நான்தான் சிரிச்சேன்" என்றான் பெருக்கி. அதன்பின் அவனால் தலை நிமிர முடியவில்லை.

ஒன்பதோ, தன்னால் ஒருத்தியின் நாற்று அழுகியதே என்று கூசிக் குறுகி வாயை மூடிக்கொண்டது. அதைக் கண்ட மற்ற எண்களும் மூடிக்கொண்டன. அன்று வந்த எண் ஒன்பதல்ல, ஏழு என்று சொல்வோரும் உண்டு. வாய் மூடியதில் மட்டும் வேறுபாடில்லை.

அன்று முதல்தான் எண்கள் தம்மைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நிரல்களும், வந்திருப்பது ஒற்றை எண்ணே ஆனாலும், அதைத் தொடும் முன் இருபுறமும் அடைப்புக்குறி உண்டா என்று தடவிப் பார்க்கின்றன.