படத்தில் உள்ளபடி ஒரு ஹால்

கோணக்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் உள்ள கோளாறே அதுதான்.

அந்த ஊர்ச் சங்கரபாண்டி தன் தோட்டத்துக்கு நடுவே புது மாதிரியாக ஒரு வீடு கட்டினான். பெரிய ஹால், பெரிய ஜன்னல், பளபளவென்று டைல்ஸ். கட்டி முடித்த கையோடு ஹாலில் உர மூட்டைகளை அடுக்கி, பழைய பம்பு செட்டு மோட்டாரைத் தூக்கி நடுவில் வைத்தான். அவன் மனைவி பூரணத்துக்கு வந்ததே கோபம். ஏதோ பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து அவன் கையில் திணித்தாள்.

"இந்தப் படத்துல உள்ளது மாதிரியே ஹால் இருக்கணும். ஒண்ணு கூடவும் கூடாது, ஒண்ணு குறையவும் கூடாது. அதுவரைக்கும் நான் எங்க அம்மா வீட்டுலதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் இல்லாமல் சங்கரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. வீடு எக்கேடு கெட்டாலும் சரி, பூரணம் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது. கூட்டாளிகள் கொம்பையாவையும் மாசிலாமணியையும் கூப்பிட்டான். மூவரும் படத்தைச் சுற்றிக் குந்தினார்கள்.

படத்தில் இளம்பச்சைச் சுவர், தொங்கு விளக்கு, ஜன்னலுக்கு வெளியே ஒரு நீல மலை, வலது ஓரத்தில் சோபா. பக்கம் அங்கே முடிந்துவிட்டதால் சோபாவில் பாதிதான் படத்தில் விழுந்திருந்தது.

மூட்டைகளையும் மோட்டாரையும் வெளியே தள்ளினார்கள், பச்சை அடித்தார்கள், விளக்கு மாட்டினார்கள். மலைக்குத்தான் திருதிருவென்று முழித்தார்கள். கோணக்குளத்துப் பக்கம் மலை என்ன, ஒரு மேடுகூடக் கிடையாது. கடைசியில் ஜன்னலுக்கு நேரே வைக்கோல் போர் போட்டு, சொட்டு நீலத்தை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினார்கள். மலை நன்றாகவே அமைந்தது. மறுநாள் எருமை வந்து சிகரத்தைத் தின்றுவிட்டுப் போனது. அதிலிருந்து மாசிலாமணி கையில் கம்போடு மலைக்குக் காவல் இருந்தான்.

டவுனிலிருந்து சோபா வந்து இறங்கியது. கொம்பையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வே சங்கரபாண்டி, கடைக்காரன் உம்மை நல்லா ஏமாத்திட்டான். படத்துல சோபாவுக்கு ரெண்டு காலு. இதுல நாலு இருக்கு."

"கூடுதலாத்தானவே குடுத்திருக்கான்?"

"ஒண்ணு கூடவும் கூடாதுன்னு தங்கச்சி சொல்லியிருக்குல்லா?"

நியாயமான பேச்சு. ரம்பத்தை எடுத்து சோபாவைச் சரிபாதியாக அறுத்தான் கொம்பையா. பாதி சோபா பக்கவாட்டில் சரிந்தது. அறுத்த பக்கத்தில் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள்.

"செங்கல் படத்துல இல்லையே?" என்று சங்கரபாண்டி பதறினான்.

"அது படத்துக்கு வெளியிலல்லா இருக்கு!"

மாசிலாமணி ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "அப்போ வலது பக்கத்துச் சுவரு? அதைப் படத்துல காணோமே!"

ஒருவேளை பின்னால் இருக்குமோ என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அங்கே பல்பொடி விளம்பரம்தான் இருந்தது. கடப்பாரையை எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் சுவர் தரைமட்டம்.

"கூரையும்தான் தெரியல. அதையும் எடுத்துருவமா?" என்றான் மாசிலாமணி.

"விளக்கு தொங்குதுல்லா? கூரை இல்லாம எதுலவே தொங்கும்? கொஞ்சம் யோசிச்சுப் பேசும்" என்று கொம்பையா கடிந்துகொண்டான்.

தகவல் போய், பூரணம் வந்து சேர்ந்தாள். படத்தைப் பார்த்தாள், ஹாலைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் பிறந்தது அடுத்த ஊர் என்றாலும் இரண்டு ஊருக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர்தான்.

"அச்சு அசலா அப்படியே இருக்குங்க!" என்று கண் கலங்கி, வலது காலை எடுத்து வைக்கப் போனாள்.

"நில்லுட்டி!" என்று கத்தினான் சங்கரபாண்டி. "படத்துல ஆளு யாரும் இல்ல!"

தூக்கிய காலைப் பின்னால் எடுத்துவிட்டாள். உண்மைதான், ஒரு ஈ காக்கை கிடையாது. சங்கரபாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. "நீ வரணும்னுதானட்டி இவ்வளவு பாடும் பட்டேன்" என்று தேம்பினான்.

பூரணம் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரு பேனா கேட்டு வாங்கி, படத்துச் சோபாவில் தன்னை வரைந்தாள். தலையில் பூகூட வைத்தாள். வரைந்து முடித்ததும் தைரியமாக உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"அப்போ நானு?"

பாதி சோபாவில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அதனால் அவனைச் சோபாவுக்குப் பின்னால், பக்கத்தின் ஓரத்தில் நிற்கிற மாதிரி வரைந்தாள். அங்கே தாள் முடிந்துவிட்டதால் ஒரு கண், ஒரு கை, ஒரு கால் மட்டுமே அடங்கியது. சங்கரபாண்டியும் சுவர் இருந்த இடத்தில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று போய் நின்றான். பாதி ஆளாக நின்றாலும் மனசு முழுசாக நிறைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வெளியே நின்ற பாதி தொப்பலாக நனைந்தது.

"ஐயோ, உள்ள வந்துருங்களேன்!" என்றாள் பூரணம்.

"வந்தா படம் கெட்டுப்போகுமேட்டி!"

அதுவும் சரிதான் என்று அவள் மறுபடி பேனாவை எடுத்து, அவன் தலைக்கு மேல் ஒரு குடை வரைந்தாள். தாளில் பாதிக் குடைக்குத்தான் இடம் இருந்தது.

கொம்பையா எட்டி அந்தப் படத்தைப் பார்த்தான். வீட்டிலிருந்த ஒரே குடையையும் ரம்பத்தையும் தேடிக்கொண்டு ஓடினான்.