எறும்பு வைத்த உருண்டை

ஒரு காட்டில், இலுப்பை மரத்தடியில், கொறிப்பான் என்ற அணில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தது. இலுப்பைப்பூவை வறுத்து, தேன் விட்டு இடித்து, உருண்டை பிடித்து விற்கும். அந்தப் பக்குவம் வேறு யாருக்கும் வராது. கொறிப்பானுக்கும் அது தெரியும். அதனால் வாலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டேதான் நடக்கும்.

ஒருநாள் கடைக்குச் சிலந்தி வந்தது. மரத்துக்கு மரம் நூல் இழுத்து, காடு முழுக்க வலை கட்டி வைத்திருந்தது அது.

"அணிலாரே, தினம் ஓர் உருண்டையை என் வலையில் தொங்கவிடும். காடே பார்க்கும். பிடித்தவர்கள் நூலைப் பிடித்து ஆட்டுவார்கள். நூல் ஆட ஆட, உமது கடைக்குக் கூட்டம்தான்."

"உனக்கு என்ன கூலி?"

"கூலியா? வேடிக்கை பார்க்க ஈயும் கொசுவும் வருமே, எனக்கு அது போதும்."

கொறிப்பான் அன்றே ஓர் உருண்டையைத் தொங்கவிட்டது. காடே பார்த்தது. குரங்கும் பார்த்தது, காக்கையும் பார்த்தது, நரியும் பார்த்தது. அடுத்த வாரமே மூன்றும் ஆளுக்கொரு உருண்டைக் கடை போட்டு, வலையிலும் தொங்கவிட ஆரம்பித்துவிட்டன. அதே நிறம், அதே அளவு. உள்ளே தேனுக்குப் பதிலாக என்ன இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

தினமும் வந்துகொண்டிருந்த மான்கூட, பக்கத்திலேயே இருக்கிறதே என்று நரியின் கடைக்குப் போய்விட்டது. கொறிப்பானுக்கு அழுகை அழுகையாக வந்தது. இன்னும் நாலு நாள் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

அந்தக் கவலையில், மறுநாள் காலை உருண்டையைச் சரியாகப் பார்க்காமல் தொங்கவிட்டுவிட்டது. அதன் உச்சியில் ஒரு கட்டெறும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம்தான் கொறிப்பான் கவனித்துத் தட்டிவிட்டது. எறும்பு திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிற்று.

அடுத்த நாள் வலையைப் பார்த்தால், மூன்று கடை உருண்டைகளின் தலையிலும் ஆளுக்கொரு கட்டெறும்பு!

"இப்போது இதுதான் புதுசு" என்றது குரங்கு.

"எறும்பு இல்லாவிட்டால் அது உருண்டையே இல்லை" என்றது நரி.

"இன்றைக்கு எறும்பு உருண்டைக்குத்தான் நூல் ஆடுகிறது. நீர் ஏன் வைக்கவில்லை?" என்று சிலந்தி கேட்டது.

கொறிப்பான் சிரித்திருக்க வேண்டும். அதுவோ, 'நாம்தான் பின்தங்கிவிட்டோமோ' என்று எறும்புப் புற்றுக்கு ஓடியது.

"அக்கா, உங்கள் வீட்டிலிருந்து பத்துப் பேரை அனுப்புங்களேன். உருண்டை மேல் சும்மா உட்கார்ந்தால் போதும்."

வாசலில் நின்றது அதே கட்டெறும்புதான்.

"தம்பி, நேற்று உன் உருண்டையில் கால் வழுக்கி விழுந்தவள் நான்தான். தேனில் கால் ஒட்டிக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவுதான் சங்கதி. அதைப் பார்த்து அவர்கள் வைத்தார்கள். இப்போது அவர்களைப் பார்த்து நீ வைக்கப் போகிறாயா?"

கொறிப்பான் வெட்கத்தில் வாலால் முகத்தை மூடிக்கொண்டது.

"இன்னொன்றும் கேட்டுக்கொள். எங்கள் ஆட்களுக்குச் சும்மா உட்காரத் தெரியாது" என்றது எறும்பு.

அது உண்மை என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. மான் வீங்கிய உதட்டோடு வந்தது. அதன் பின்னால் கரடி, நாக்கை உள்ளே இழுக்க முடியாமல் வந்தது.

"அணிலே, உன் உருண்டையில் எறும்பு உண்டா?" என்று மான் தள்ளி நின்றே கேட்டது.

"இல்லை அக்கா. இலுப்பைப்பூவும் தேனும்தான்."

"அப்படியானால் நாலு கொடு. இவருக்கும் நாலு கொடு."

மறுநாள் கொறிப்பான் உருண்டைகளையெல்லாம் கடையிலேயே வைத்துக்கொண்டு, வலையில் வெறும் இலையை மட்டும் தொங்கவிட்டது. மத்தியானத்துக்குள் குரங்கு தன் கடையில் வெறும் இலை விற்க ஆரம்பித்துவிட்டது.

நீதி: அடுத்தவரைப் பார்த்துச் செய்பவருக்கு அவருடைய கைப்பக்குவம் வராது, அவருடைய தவறுதான் வரும்.