தைக்காத துணி

சரக், சரக் என்று முறத்தில் எள் புடைக்கும் ஓசைதான் முதலில் கேட்டது. பாலாற்றங்கரை மடத்தின் படலைத் தள்ளிக்கொண்டு மாசிலாமணி உள்ளே போனார். மறுநாள் தர்ப்பணம் செய்ய ஆற்றுக்கு வருகிறவர்களுக்கான எள். தாத்தாவைத் தேடிக் கிளம்பியபோது அவர் பாதியில் விட்டுப் போனது. அறம்வளர்த்தாள் அம்மை புடைத்துக்கொண்டிருந்தாள். வயதில் அவரைவிடச் சின்னவள். ஆனாலும் அவருக்குக் குரு அவள்தான்.

"தாத்தா கிடைச்சாரா ஐயா?"

"கிடைச்சார். கிடைக்காமலே இருந்திருக்கலாம்."

கதை மடத்துக்கே தெரியும். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து கடல்கடந்து பஸ்ராவுக்குச் சண்டைக்குப் போன அவருடைய தாத்தா, சிப்பாய் ஏகாம்பரம், வீடு திரும்பவில்லை. மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள்; வயிற்றில் மாசிலாமணியின் அப்பா. செத்தார் என்று சேதி வராததால் கடைசிவரை அவள் பொட்டை அழிக்கவில்லை. "இருக்கிற மனுஷனுக்கா எள்ளும் தண்ணியும்?" என்று சீறுவாள். அமாவாசைத் தர்ப்பணத்தில் அந்தப் பெயரை இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

"சண்டை முடிஞ்சு பம்பாயில இறங்கினவர் அங்கேயே இன்னொருத்தியோட குடும்பம் நடத்தி, அங்கேயே செத்தும் போயிருக்கார் அம்மா. ஏன் ஊருக்கு வரலைன்னு யாருக்கும் தெரியல. ஓடிப்போனவன் மகன்னு பேர் வாங்கியே எங்கப்பா செத்தார். நாளைக்கு ஆடி அமாவாசை. அந்தாள் பேரை நான் சொல்லணுமா?"

முறம் நின்றது.

"அங்கே யார் இருக்காங்க?"

"ஒரு மக. எனக்கு அத்தை முறை. நான் யாருன்னு சொன்னதும் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'தீபாவளிக்கு எங்களுக்குத் துணி எடுக்கறப்போ தனியா ஒண்ணு எடுத்து வைப்பார்டா. யாருக்குன்னு கேட்டா பேசமாட்டார். அடுத்த தீபாவளிக்கு அதை ஏதாவது ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துட்டுப் புதுசு எடுப்பார். உங்கப்பனுக்குத்தானா அது?'ன்னு கேட்டாங்க."

"தைச்ச துணியா?"

"தைக்காதது. பொறந்தது ஆணா பொண்ணான்னு அவருக்கு எங்கே தெரியும்?"

"வருஷா வருஷம் ஒரே அளவா?"



"இல்ல... கூடிக்கிட்டே போச்சாம்."

அம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பாவுக்கு அளவு சரியா இருந்திருக்குமா ஐயா?"

  மாசிலாமணி எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, மிச்ச எள்ளை முறத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

சரக், சரக்.