முதல் நோயாளி

ஆயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் டைக்ரிஸ் நதிக்கரையில் மிஹ்ராக் என்று ஒரு பாரசீகச் சிற்றரசன் இருந்தான். அவனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அவனுடைய வைத்தியர்களுக்கு அதுதான் பெரிய தொல்லை. கொட்டாவி வந்தால் ஒருவரை அழைப்பான். கொட்டாவி வராவிட்டால் இன்னொருவரை அழைப்பான்.

அந்த வைத்தியர்களில் சலீபா என்பவர் கிறிஸ்தவர். கிரேக்க மருத்துவ நூல்களைத் தம் சிரியாக் மொழியில் கற்றுத் தேர்ந்தவர். அரண்மனை வேலை போக, தேவாலயத்தை ஒட்டி ஏழைகளுக்காக ஒரு மருத்துவசாலை நடத்தினார்.

ஒரு நாள் அரசனுக்கு விக்கல் வந்தது. சலீபாவுக்கு ஆள் அனுப்பினான். அவரோ ஒட்டகக்காரன் மனைவியின் பிரசவத்தில் இருந்தார். குழந்தை குறுக்கே கிடந்தது. தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டு அவர் வந்து சேர்வதற்குள் விக்கல் தானே நின்றுவிட்டது. அரசனின் கோபம்தான் நிற்கவில்லை. போதாததற்குத் தலைமை வைத்தியர் பர்ஸீன் பக்கத்திலேயே இருந்தார். சலீபாவின் மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை. ஒட்டகக்காரிக்கு அப்புறம்தான் அரசரா என்று மெதுவாகக் கேட்டுவைத்தார்.

அவ்வளவு போதும். நாளை முதல் தன்னைத்தான் முதல் நோயாளியாகப் பார்க்க வேண்டும், தவறினால் மருத்துவசாலையைப் பூட்டிவிடுவேன் என்று அரசன் உத்தரவு போட்டான். அங்கே நாற்பது பேர் படுத்திருந்தார்கள். ஆனாலும் சலீபா அப்படியே செய்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியும்போதே வந்துவிட்டார். கூடவே தூக்குக் கட்டிலோடு நான்கு பேர். ஜெபப் புத்தகத்தோடு ஒரு குருவானவர். அரசன் முன்னால் வறுத்த ஆட்டுக்கறியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. சலீபா அதை எடுத்துப் போகச் சொன்னார். அரசனைக் கட்டிலில் படுக்கவைத்து நாடியைப் பிடித்தார், வெகுநேரம் விடவில்லை. உப்பில்லாத பார்லிக் கஞ்சி இரண்டு கரண்டி கொடுத்தார். அசையக் கூடாது என்றார். குருவானவர் தலைமாட்டில் நின்று ஜெபிக்கத் தொடங்கினார்.

அரசனுக்கு வியர்த்துவிட்டது. "சலீபா, மறைக்காமல் சொல்லும். எனக்கு என்ன?"

"ஒன்றும் இல்லை, அரசே."

"பிறகு ஏன் இதெல்லாம்?"

"எங்கள் மருத்துவசாலையில் யார் முந்தி வந்தார், யார் பெரியவர் என்று பார்ப்பதில்லை. சாகக் கிடப்பவர்தான் முதல் நோயாளி. அவருக்குச் செய்கிற சிகிச்சை இது. அந்த இடம் உங்களுக்கே வேண்டும் என்று நேற்று உத்தரவிட்டீர்கள்."

அரசன் எழுந்து உட்கார்ந்தான். "அப்படியானால், கடைசியாகப் பார்க்கப்படுகிறவன்?"

"ஊரிலேயே ஆரோக்கியமானவர், அரசே."

அரசன் குருவானவரைப் பார்த்தான். ஆட்டுக்கறி போன திசையைப் பார்த்தான். அப்புறம் கட்டில் குலுங்கச் சிரித்தான். இனி என்றைக்கும் தனக்குக் கடைசி இடம்தான் என்று அங்கேயே உத்தரவை மாற்றினான். அரண்மனைத் தோட்டத்துக் கிணற்றையும் அதை ஒட்டிய கட்டடத்தையும் மருத்துவசாலைக்கே கொடுத்தான்.

பிறகு, இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற பர்ஸீன் பக்கம் திரும்பினான். "முதல் இடம் காலியாகிவிட்டது. உமக்கு வேண்டுமா?"

இத்தனை வயதில் தனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே தலைமை வைத்தியர் வாசலை நோக்கி வேகமாக நடந்தார்.