க்ளீனர் சீட்டு

மலை ஏறும் வண்டிகள் கொதித்து நிற்கிற முதல் வளைவுக்குக் கீழே அமலியின் பட்டறை இருந்தது. அமலிக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் தொழில் படிக்க வந்த பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தைந்து. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கை ஓங்கிய முதலாளியின் முகத்தில் சாவியை எறிந்துவிட்டு வந்தவர். இரண்டு வருஷத்தில் எல்லா வேலையும் பிடிபட்டுவிட்டது. காத்திருப்பது மட்டும் பிடிபடவில்லை.

ஒரு காலை, பானெட்டிலிருந்து ஆவி பறக்க ஒரு பழைய கார் வந்து நின்றது. ஸ்டியரிங்கை விட்டு இறங்கியவன் செல்லத்துரை. மறுபக்கம் அவன் மனைவி ரெஜினா செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கினாள். மலையிலிருந்து கேரட் கொண்டுவந்து சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புகிறவர்கள். பின் சீட்டில் காலிச் சாக்குகள் கிடந்தன.

"தண்ணி குறையுது, கொதிக்குது. நாலு மாசமா இதே கூத்து" என்றான் செல்லத்துரை. "டவுன் மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கணும்னு சொல்றான். பன்னெண்டு மணிக்கு இங்கயே புரோக்கரை வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள காரணம் தெரிஞ்சா சொல்லுங்க. இல்லன்னா அவன் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுர்றேன்."

"தள்ளிவிட்டுட்டு? மூட்டையை யாரு சுமக்கிறது? உங்க புரோக்கரா?" என்றாள் ரெஜினா.

"நீ சும்மா இரு."

"இருக்க மாட்டேன்."

பொன்னுரங்கம் ரேடியேட்டர் மூடிமேல் துணியைப் போட்டார்.

"கையை எடுங்க ரங்கண்ணே" என்றாள் அமலி.

"துணி போட்டுத்தான் திறக்கிறேன், மேஸ்திரி."

"கொதிக்கிறதைத் திறந்தா மூஞ்சிதான் வேகும். பதில் வராது. ஆறட்டும்."

ஒரு மணி நேரம் போனது. பொன்னுரங்கம் பட்டறைக்கும் ரோட்டுக்குமாக நடந்தார். அமலி டீ சொன்னாள். ரெஜினா தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து காலை நீட்டி டீயை ஊதினாள். அமலி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு மூடியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"மஞ்சள் தூள் போட்டிருக்கானா?"

"போன மாசம் டவுன்ல போட்டான். ஒழுக்கு இருந்தா அடைச்சுக்கும்னான். தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிஞ்சுட்டான். ஃபேனை டைரக்டா போட்டுட்டான்."

"ஏன் கொதிக்குதுன்னு மட்டும் பார்க்கல."

பொன்னுரங்கம் வண்டிக்கு அடியில் புகுந்து வந்தார். "ஒரு சொட்டு ஈரம் இல்லை மேஸ்திரி. ஹோஸ் பைப், பம்பு எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. ஹெட் கேஸ்கட் போயிருச்சு. தண்ணியை இன்ஜினே குடிக்குது."

அமலி ஆயில் குச்சியை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஆயில் கறுப்பாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் மோர்போல் வெளுத்திருக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்தாள். சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ரேடியேட்டர் வாயில் ஒரு குமிழும் வரவில்லை.

"இன்ஜின் குடிக்கலை."

"கீழேயும் சொட்டலை, இன்ஜினும் குடிக்கலை. அப்ப தண்ணி எங்கதான் போகும்? சொல்லுங்க!"

அமலி இன்ஜினை நிறுத்தி, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைத் திருகி நாலு அடி அடித்தாள். பம்பில் அழுத்தம் காட்டும் முள் ஏறியது. பிறகு மெதுவாக இறங்கியது.

"எங்கேயோ போகுது" என்றாள். "ரங்கண்ணே, அந்த இடது சீட்டுல ஏறி உட்காருங்க."

"எதுக்கு?"

"உட்காருங்க."

"அது க்ளீனர் சீட்டு. முப்பது வருஷத்துல ஒரு நாள் நான் இடது பக்கம் உட்கார்ந்ததில்லை. காய்ச்சல்ல கிடந்தப்பகூட ஸ்டியரிங்கைத்தான் பிடிச்சுக் கிடந்தேன். தொழில் படிக்க வந்தேன். க்ளீனரா வரல. ஸ்பானரைக் கொடுங்க, ஹெட்டைக் கழற்றிக் காட்டுறேன்."

"தர மாட்டேன்."

"அப்ப நான் உட்கார மாட்டேன்."

இரண்டு பேரும் நின்றார்கள். முள் பாதிக்கு இறங்கியிருந்தது. செல்லத்துரை மணியைப் பார்த்தான். பதினொன்று.

அமலி ரெஜினா பக்கம் திரும்பினாள். "ஏம்மா, காலுக்கு மஞ்சள் பூசுவீங்களா?"

"நானா? முகத்துக்கே பூசுறதில்லை. காலுக்கு எதுக்கு?"

எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு உள்ளங்காலும் பளிச்சென்று மஞ்சள்.

"வண்டியில கால் வைக்கிற இடம் சொதசொதன்னு இருக்கு" என்றாள் ரெஜினா. "செருப்பு ஊறிப் போகுதுன்னு கழற்றி மடியில வெச்சுக்கிறேன். ஒரு மாதிரி இனிப்பு வாடை வேற. கண்ணாடியில பனி மாதிரி படியுது. நாலு மாசமா சொல்றேன். கழுவின கேரட்டு மூட்டை வடியுதுடீங்கிறார்."

"வடியத்தானே செய்யும்?" என்றான் செல்லத்துரை.

"கேரட்டு மஞ்சளாவா வடியும்?"

அமலி இடது பக்கக் கதவைத் திறந்து மிதியடியைத் தூக்கினாள். அடியில் கார்ப்பெட் கூலன்ட்டின் பச்சையும் தூளின் மஞ்சளுமாக ஊறிக் கிடந்தது. டேஷ்போர்டுக்குள்ளே, இன்ஜினின் சுடுதண்ணீர் ஓடுகிற ஹீட்டர் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டு வராத தண்ணீர்.

பொன்னுரங்கம் குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

ஹீட்டருக்குள் இனித் தண்ணீர் போகாதபடி, அங்கே போகிற இரண்டு ஹோஸையும் இழுத்து ஒன்றோடொன்று இணைத்தார்கள். மஞ்சள் சேறு போகும்வரை ரேடியேட்டரை அலசினார்கள். தெர்மோஸ்டாட்டைப் புதிதாக மாட்டி, ஃபேனைப் பழையபடி சுவிட்சோடு சேர்த்தார்கள். கூலன்ட் ஊற்றி மறுபடி பம்பு அடித்தபோது முள் ஏறிய இடத்திலேயே நின்றது.

நடுவில் வந்த புரோக்கரை ரெஜினாவே பார்த்துக்கொண்டாள். அவன் பைக்கை நிறுத்தக்கூட இல்லை.

"மலை ஏற்றிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள் அமலி.

ஏற்றிப் பார்ப்பது எப்போதும் பொன்னுரங்கத்தின் வேலை. சாவிக்குக் கையை நீட்டினார். அமலி கொடுத்தாள். அவர் ஏறவில்லை. கோபம் இன்னும் முகத்தில் இருந்தது.

"அந்தம்மா டீ குடிக்கும்போதே காலைப் பார்த்துட்டீங்க."

"பார்த்தேன்."

"அப்பவே தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு."

"பாதி தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு என்னை அந்த சீட்டுல உட்காரச் சொல்லி இத்தனை பேர் முன்னாடி வம்பு பண்ணணும்? இடது பக்கம் ஈரமா இருக்கு, பாருன்னு வாயால ஒரு வார்த்தை சொன்னா நான் கேட்க மாட்டேனா?"

அமலி கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"அந்தம்மா நாலு மாசமா வாயாலதான் சொன்னாங்க, ரங்கண்ணே."

பொன்னுரங்கம் சாவியைச் செல்லத்துரையிடம் எறிந்தார். வண்டியைச் சுற்றி இடது பக்கம் போனார். ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றினார்.