மிதிபடாத பாதை

குவாரி முதலாளி தாண்டவராயருக்கு வீட்டுத் தோட்டத்தில் கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் கல் பாவிய பாதை வேண்டும். அதில் ஒரு புல் முளைக்கக் கூடாது. முளைத்தால், அவர் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் கொத்தன் மூக்காண்டி குடும்பத்தோடு கிளம்பிவிட வேண்டும்.

மூக்காண்டி பாதையைப் போட்டான்; புல் முளைக்க முளைக்க இரண்டு தடவை பெயர்த்துப் போட்டான். சந்துக்குச் சந்து சிமெண்டு பூசினான், உப்பைக்கூடக் கொட்டிப் பார்த்தான். ஒரு மழைக்குப் புல் மறுபடியும் எட்டிப் பார்த்தது. பெண்டாட்டி அழுதுகொண்டே சட்டி பானையை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

தன் நிலத்தில் குடியிருக்கும் மற்றக் குடிசைக்காரர்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து முதலாளி மூக்காண்டியைக் கேட்டார்: "என்னலே, ஒரு புல்லை அடக்க வக்கில்ல, நீயெல்லாம் ஒரு கொத்தனா?"

மூக்காண்டி கைகட்டி நின்றான். "ஐயா, என் குடிசைக்குப் போற பாதையில கல்லு இல்ல, சிமெண்டு இல்ல. ஆனா ஒரு புல்லு கெடையாது."

"அது எப்படிலே?"

"நாலு பேரு வந்து போற எடத்துல புல்லு எங்கய்யா முளைக்கும்? பாதைய நான் போட்டுட்டேன். உங்க வீட்டுக்கு வர்றதுக்கு ஆளை எங்க போயிப் பிடிப்பேன்?"

கேட்டுக்கு வெளியே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதலாளி உள்ளே போனார்.

மறுநாள் காலையில் உத்தரவு வந்தது. குடிசையில் இருக்க விடுவதானால், குடிசைக்காரர்கள் அத்தனை பேரும் வேலை முடிந்ததும் பொழுது சாயும்வரை அந்தக் கல்பாதையில் நடக்க வேண்டும்.

நடந்தார்கள். கல்பாதையில் புல் அற்றுப்போனது.

மூக்காண்டி குடிசைக்குப் போகிற பாதையில் முளைத்துவிட்டது.