மௌன ராஜாவின் வயிற்றுவலி

முன்னொரு காலத்தில், பாதி மலையும் பாதி வயலுமாகக் கிடந்த வெண்குன்ற நாட்டைச் செங்கோடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் கடைசியாக அவர் காதில் யார் ஓதினாரோ, அவர் சொன்னதுதான் சட்டம்.

அரண்மனை வைத்தியர் ஆலாலசுந்தர பண்டிதர் ஒருநாள் ஓதினார். "அரசே, கண்டவர்களும் எதையோ உளறிக்கொண்டு வைத்தியசாலைக்குள் நுழைகிறார்கள். நம் அவைமொழியில், தன் வாயாலேயே நோயைச் சொல்பவருக்குத்தான் மருந்து என்று ஆணையிடுங்கள்!" ராஜாவும் முரசறைந்துவிட்டார். மலையில் பேசுவது வேறு மொழி என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தார்கள். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

மருதி என்ற மலைக்காரி ஒரு காலையில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தைக்குத் தொண்டையில் கட்டி. எச்சில்கூட இறங்கவில்லை, மூச்சு இழுத்தது. மருதி தன் மொழியில் கதறினாள், பிள்ளையின் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"என்ன சொல்கிறாள்? எனக்குப் புரியவில்லை" என்றார் பண்டிதர்.

வாயிற்காவலன் சடையனுக்கு மலைப்பேச்சு தெரியும். "ஐயா, தொண்டையில கட்டியாம். நான் கேட்டுச் சொல்றேனே" என்றான்.

"நீ சொன்னால் ஆச்சா? அவள் வாயால் சொல்லட்டும்!" கதவு சாத்தப்பட்டது. வாயே திறக்க முடியாத பிள்ளைக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த மனிதர் வாயைப் பற்றிப் பேசினார்!

சடையன் மந்திரி சிற்றம்பலரிடம் ஓடினான். மந்திரிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் மருந்தறைச் சாவி பண்டிதரின் இடுப்பில் இருந்தது, சட்டமோ ராஜாவுடையது. அன்று வெள்ளிக்கிழமை, ராஜாவுக்கு மௌன விரதம். பேசத்தான் விரதம், தின்ன இல்லை. பேச முடியாத குறையையெல்லாம் தின்றே தீர்த்துக்கொள்வார். மந்திரி ஒரு முழுப் பலாப்பழத்தைச் சுளையெடுத்து, தேன் ஊற்றி உள்ளே அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சபையில் சுருண்டார். பண்டிதர் கஷாயத்தோடு பாய்ந்து வந்தார். மந்திரி குறுக்கே நின்றார்.

"பொறும் பண்டிதரே! அரசர் இன்னும் நோயைச் சொல்லவில்லை."

"விரதத்தில் இருப்பவர் எப்படிச் சொல்வார்?"

"அப்படியென்றால் மருந்து கிடையாது. முரசறைந்த சட்டம்."

ராஜா பல்லைக் கடித்தபடி வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"கண் அவிந்துவிட்டதா மந்திரி? வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறாரே! இது புரிய மொழி எதற்கு?" என்று கத்தினார் பண்டிதர்.

"எதற்கு என்றுதான் நானும் கேட்கிறேன்" என்ற மந்திரி கதவைத் திறக்கச் சொன்னார். சடையன் அழைத்துவந்து வாசலில் நிறுத்தியிருந்த மருதி உள்ளே வந்தாள். மகள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கை அவள் தொண்டையிலேயே இருந்தது.

ராஜா பார்த்தார். தன் வயிற்றில் இருந்த தன் கையையும் பார்த்தார். கஷாயத்தைத் தள்ளிவிட்டுக் குழந்தையைச் சுட்டிக்காட்டினார். பண்டிதர் விளங்காதவர் போல நின்றார்.

பன்னிரண்டு வருடமாக வெள்ளிதோறும் காத்துவந்த விரதம் அங்கே உடைந்தது.

"போய்யா! பிள்ளையைப் பாரு முதல்ல!"

அவைமொழியும் இல்லை, ஒன்றும் இல்லை. பண்டிதர் கத்தியை எடுத்துக் கட்டியைக் கீறிவிட்டார். சீழ் வடிந்தது. அந்திக்குள் குழந்தை ஒரு வாய் கஞ்சி விழுங்கினாள்.

மறுநாள் ராஜா சட்டத்தைக் கிழித்துப் போட்டார். சடையனுக்கு வைத்தியர் ஆசனத்துக்குப் பக்கத்திலேயே ஆசனம். மலைக்காரர் சொல்வதை இனி அவன் கேட்டுச் சொல்லவேண்டும். மருந்தறைச் சாவியும் அவனிடம் போனது.

"அரசே, என் சாவி?" என்றார் பண்டிதர்.

"மலைக்குப் போய் அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு வாரும், தருகிறேன்" என்ற ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "அந்தப் பலாப்பழத்தை அனுப்பியது யார்?"

"அடியேன்தான்."

"இனி வாயால் சொல்லும் ஐயா. கேட்டுக்கொள்கிறேன்."

பண்டிதர் மலையேறினார். முதல் நாளே அவருக்குக் கடும் தலைவலி. மருதியின் குடிசை வாசலில் நின்று தலையைத் தொட்டுக் காட்டினார். அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பச்சிலை அரைத்து எடுத்துவந்தாள்.